கணக்குச் சீட்டில் தொடங்கிய சத்தம்

1978-இல் லண்டனில் ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு தன் முதல் ரெக்கார்டை வெளியிட்டது. பாட்டைக் கேட்பதற்கு முன்பே அதன் உறை என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. ஜெராக்ஸ் தாளை மடித்துச் செய்த உறை. ஸ்டுடியோவுக்கு இவ்வளவு, மாஸ்டர் வெட்ட இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, லேபிளில் குத்தும் ரப்பர் ஸ்டாம்புக்கு இவ்வளவு என்று செலவை வரிசையாக எழுதியிருந்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள் திண்ணையில் உட்கார்ந்து மளிகைக் கணக்கு பார்ப்பது போல இருந்தது அது.

அதுவரை பங்க் என்ற ராக் இசை வகை என்றால் எனக்கு விறைத்து நிற்கும் தலைமுடி, சட்டையில் ஊக்கு, ராணியைக் கிண்டல் செய்யும் பாட்டு, அவ்வளவுதான். அந்தக் கணக்கைப் பார்த்த பிறகு கேள்வி மாறிப்போனது. கோபக்கார இளைஞர்கள் எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் இருந்திருக்கிறார்கள். 1976-க்குப் பிறகு மட்டும் ஐரோப்பாவின் ஒவ்வொரு ஊரிலும் அந்தக் கோபம் ரெக்கார்டாக வந்ததே, அது எப்படி? கணக்கு வெளியே வந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு தட்டு போட எவ்வளவு ஆகும் என்பது கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ரகசியமாக இருந்தது. அது தெருவுக்கு வந்ததும், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய அவசியம் போய்விட்டது. பங்க்கைத் தொடர்ந்து வந்த நியூ வேவ் இசையும் சரி, காதைப் பிளக்கும் இரைச்சல் இசையும் சரி, இந்த ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள்தான்.

முதலில் மான்செஸ்டர். பஸ்காக்ஸ் குழு 1976 டிசம்பர் 28 அன்று ஒரே நாளில் நான்கு பாட்டுகளைப் பதிவு செய்தது. குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிய 500 பவுண்டுதான் மொத்த முதல். 1977 ஜனவரியில் நியூ ஹார்மோன்ஸ் என்று தாங்களே ஒரு லேபிள், அதாவது வெளியீட்டு நிறுவனம், தொடங்கி, 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற தலைப்பில் 1,000 பிரதி அடித்தார்கள். உறையில் இருக்கும் படம் மேனேஜர் ரிச்சர்ட் பூன் பொலராய்டு கேமராவில் எடுத்தது. எந்தப் பாட்டு எத்தனையாவது டேக், மேலே எத்தனை முறை ஒட்டுப்பதிவு செய்தோம் என்பதைக்கூட உறையில் அச்சிட்டுவிட்டார்கள். சமையலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பந்தி பரிமாறுவது போல. கடைசியில் அந்தத் தட்டு 16,000 பிரதி விற்றது.

அதே ஜனவரியில் 'சைட்பர்ன்ஸ்' என்ற ரசிகர் பத்திரிகையில் அந்தப் புகழ்பெற்ற படம் வந்தது. கிதாரில் மூன்று கார்டுகளை, அதாவது பல சுரங்களைச் சேர்த்து மீட்டும் விரல்பிடிகளை, கையால் வரைந்து, இது ஒன்று, இது இன்னொன்று, இது மூன்றாவது, இனி போய் ஒரு குழு ஆரம்பி என்று போட்டிருந்தார்கள். பலர் இதை 'ஸ்னிஃபின் குளூ' பத்திரிகையின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அதில் வந்ததல்ல. அதே ஆண்டு டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு தன் இரண்டாவது தட்டின் உறையில், முதல் தட்டுக்கு ஆன செலவு 153 பவுண்டு என்று அச்சிட்டு, நீங்களும் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டது. ஸ்க்ரிட்டி பொலிட்டியின் கணக்குச் சீட்டுக்கு முன்னோடி இதுதான். இசையாகக் கேட்டால் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் ரொம்ப சுமார்தான். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு எத்தனை பேர் உண்டியலை உடைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நிற்காது. அப்படியானால் கிதார் எதற்கு? வாத்தியமே எதற்கு? இந்தக் கேள்விகளைக் கடைசிவரை கேட்டவர்கள் லண்டனின் ஹாக்னி பகுதியில் இருந்தார்கள். த்ராபிங் கிரிசில் என்ற குழு. பங்க் பிரபலமாவதற்கு முன்பே, 1976 அக்டோபரில், ஐசிஏ என்ற கலைக்கூடத்தில் இவர்கள் நடத்திய கண்காட்சியைப் பார்த்துவிட்டு ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் இவர்களை நாகரிகத்தை நாசம் செய்பவர்கள் என்று திட்டினார். அந்த வசவை இவர்கள் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். குழுவில் கிறிஸ் கார்ட்டர் என்பவர் எலெக்ட்ரானிக் பெட்டிகளைத் தானே சால்டர் செய்து உருவாக்குவார். கோசி ஃபேனி டுட்டி முறையாகக் கிதார் கற்றவர் அல்ல, கற்கும் எண்ணமும் இல்லை. 1977-இல் வந்த முதல் ஆல்பத்துக்கு 'இரண்டாவது ஆண்டறிக்கை' என்று பெயர் வைத்தார்கள். முதல் முறை அடித்தது 785 பிரதி. லேபிளின் பெயர் இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ். 'இண்டஸ்ட்ரியல்' என்று ஒரு இசை வகைக்கே பெயர் வந்தது இங்கிருந்துதான்.

முதன்முறை இதைக் கேட்டபோது எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. மழைக்காலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்றால் ஒரு உறுமல் கேட்குமே, அதுதான் பத்து நிமிடம் ஓடியது. நாலாவது ஐந்தாவது முறை கேட்ட பிறகுதான் அந்த உறுமலுக்குள் ஏற்றஇறக்கம் இருப்பது காதில் விழுந்தது. இரைச்சல் இசைக்கு நுழைவுக் கட்டணம் இந்தப் பொறுமைதான். எல்லாரும் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

இங்கிலாந்தை விட்டு வெளியே வந்தால்தான் எனக்கு உண்மையான ருசி தட்டியது. காரணம் மொழி. அதுவரை மேற்கு ஜெர்மனியின் ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பாடின, இல்லாவிட்டால் பாடாமல் வாசித்தன. ஜெர்மன் மொழி என்றால் ஷ்லாகர் எனப்படும் வானொலி மெல்லிசை, அப்புறம் கையில் கிதாரோடு அரசியல் பாடும் கவிஞர்கள். ராக்குக்கு அந்த மொழி ஒத்துவராது என்றே பலரும் நம்பினார்கள். பங்க் வந்ததும், ஆங்கிலத்தை லண்டன்காரன் போல உச்சரிக்க வேண்டிய கட்டாயமும் கழன்றுவிட்டது. எது கையில் இருக்கிறதோ அதை வைத்துச் செய் என்பது கிதாருக்கு மட்டுமா பொருந்தும், நாக்குக்கும் பொருந்தும்தானே.

ட்யூசல்டார்ஃப் நகரில் ராட்டிங்கர் ஹோஃப் என்று ஒரு மதுக்கடை. கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருந்ததால் ஓவியம் படிக்கிற பிள்ளைகளும் பங்க் பையன்களும் அங்கே ஒன்றாக நின்றார்கள். கார்மன் குனோபல் என்ற பெண்மணி அதை நடத்தினார். மங்கலான வெளிச்சம் எல்லாம் கிடையாது, பளீரென்று டியூப்லைட். மிட்டாக்ஸ்பவுஸ, டாஃப், டெர் ப்ளான் என்று ஒரு கூட்டமே அந்தக் கடையைச் சுற்றி வளர்ந்தது. மிட்டாக்ஸ்பவுஸ என்றால் மதிய உணவு இடைவேளை. அதில் பாடிய பீட்டர் ஹைன் அடுத்து ஃபேல்ஃபார்பன் குழுவில் சேர்ந்தார். மேலிலையின் நிறம் சரியாக வராததால் மலிவாகத் தள்ளிவிடும் சுருட்டுக்கு அந்தப் பெயர். 1980-இல் அவர்கள் வெளியிட்ட 'மன்னராட்சியும் அன்றாடமும்' என்ற ஆல்பத்தை ஜெர்மன் ரசிகர்கள் இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஹைன் அப்போது ஒரு ஜெராக்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆல்பம் வந்து கொஞ்ச நாளில், வேலையை விடாமல் குழுவை விட்டார்! மாதச் சம்பளத்தின் அருமை தெரிந்த யாருக்கும் அந்த முடிவு புரியும்.

டாஃப் என்பது டாய்ச்-அமெரிக்கானிஷ ஃப்ராய்ண்ட்ஷாஃப்ட், ஜெர்மன்-அமெரிக்க நட்பு, என்பதன் சுருக்கம். ஐந்து பேரில் தொடங்கி இரண்டு பேராகச் சுருங்கிய குழு. ராபர்ட் கர்ல் டிரம்ஸ் அடிப்பார். கார்க் எம்எஸ்-20 சிந்தசைசரோடு ஒரு சீக்வென்சரை இணைத்து, பத்துப் பன்னிரண்டு சுரங்களை மில் இயந்திரம் போலத் திரும்பத் திரும்ப ஓட விடுவார்கள். மேலே காபி டெல்காடோவின் குரல், அவ்வளவுதான். கொலோன் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பழைய பண்ணை வீட்டை ஸ்டுடியோவாக்கி வைத்திருந்த கானி ப்ளாங்க் இதைப் பதிவு செய்தார். அந்த டிரம்ஸ் சத்தம் நம் நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும்.

டெல்காடோ ஸ்பெயினின் கோர்டோபாவில் பிறந்து, சிறுவனாக ஜெர்மனிக்கு வந்தவர். ஜெர்மன் அவருக்குப் பின்னால் வந்த மொழி. அவர் பாட்டில் நீண்ட வாக்கியம் இருக்காது. கட்டளைகள்தான். கையைத் தட்டு, இடுப்பை அசை, முழங்கால் போடு. 1981-இல் வந்த 'டெர் முசோலினி' பாட்டில் முசோலினி, ஹிட்லர், இயேசு கிறிஸ்து, கம்யூனிசம் எல்லாவற்றையும் நடனத்தின் பெயர்களாக அடுக்கி, ஆடு என்கிறார். போர் முடிந்து 36 ஆண்டுகள் ஆகியிருந்த ஜெர்மனியில் இதற்கு என்ன வரவேற்பு கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பாசிசத்தைக் கொண்டாடுகிறார்கள் என்று ஒரு பக்கம், அந்தப் பெயர்களை டிஸ்கோ தரையில் மிதிக்கவிட்டு வெறும் சத்தமாக்கிவிட்டார்கள் என்று இன்னொரு பக்கம். நான் இரண்டாவது பக்கம். மகனின் பெயரை ஆயிரம் முறை கூப்பிட்டால் அது பெயராகவே கேட்காதே, அந்த வித்தைதான் இது.

பத்திரிகையாளர் ஆல்ஃப்ரட் ஹில்ஸ்பெர்க் 1979-இல் 'சவுண்ட்ஸ்' இதழில் எழுதிய கட்டுரைகளால் நோய டாய்ச்ச வெல்ல, அதாவது புதிய ஜெர்மன் அலை, என்ற பெயர் நிலைத்தது. மூன்றே ஆண்டில் பெரிய கம்பெனிகள் அந்தப் பெயரைப் பிடுங்கிக்கொண்டன. 1982-இல் ட்ரியோ குழுவின் 'டா டா டா' உலகம் முழுக்க ஓடியது. அதன் தாளம் காசியோ விஎல்-டோன் என்ற குட்டிப் பெட்டியிலிருந்து வருவது. அந்தப் பெட்டி பாதி கீபோர்டு, பாதி கால்குலேட்டர். வரவு செலவுக் கணக்கும் போடலாம், பாட்டும் போடலாம். அடுத்த ஆண்டு நேனாவின் 99 பலூன் பாட்டு. அது இனிமையான பாட்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குள் அலை கரைக்கு வந்து நுரையாகிவிட்டது.

சுவிட்சர்லாந்தின் ஜூரிக்கில் நடந்தது இன்னும் சின்னக் கதை, ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. 1978-இல் சில பெண்கள் சேர்ந்து க்ளீனெக்ஸ் என்ற குழுவை ஆரம்பித்தார்கள். முதல் கச்சேரியின்போது அவர்களுக்குத் தெரிந்தது நான்கே பாட்டுகள் என்று சொல்வார்கள். கூட்டம் இன்னும் வேண்டும் என்று கத்த, திரும்பத் திரும்ப அதையே வாசித்தார்களாம். டிஷ்யூ தாள் விற்கும் கம்பெனி அந்தப் பெயர் எங்களுடையது என்று வழக்குக்கு வர, லிலிபுட் என்று மாற்றிக்கொண்டார்கள். இவர்கள் பாட்டில் பாதி சொற்கள், மீதி விசில், கூவல், கூட்டமாகக் கத்தும் 'ஈ', 'ஊ'. பொருளே வேண்டாம், ஓசை போதும். பாண்டி விளையாடும்போது பிள்ளைகள் பாடுவார்களே, அந்தத் துள்ளல்.

அதே ஊரில் 'ஜூரி ப்ரென்ட்' என்று ஒரு பாட்டு, டிஎன்டி குழுவுடையது. ஜூரிக் எரிகிறது என்று அர்த்தம். பள்ளியில் படிக்கும் எழுத்து ஜெர்மனில் அது வேறு மாதிரி வரும். வீட்டில் பேசும் சுவிஸ் வழக்கில்தான் இப்படி. எழுத ஒன்று, பேச ஒன்று என்று வாழும் தமிழர்களுக்கு இதன் கனம் விளக்காமலே புரியும். 1980 மே 30 அன்று நிஜமாகவே ஊர் பற்றி எரிந்தது. ஓபரா மாளிகையைப் புதுப்பிக்க நகரம் சுமார் 60 மில்லியன் ஃபிராங்க் ஒதுக்கப் பார்த்தது, இளைஞர்கள் கேட்ட ஒரு மையத்துக்கு மட்டும் பணமில்லை என்றது. மாளிகை வாசலில் கலவரம் வெடித்தது, சுவரெல்லாம் அந்தப் பாட்டின் வரி. மறுபடியும் பாருங்கள், கணக்குதான்.

இனி மேற்கு பெர்லின். நாலு பக்கமும் கிழக்கு ஜெர்மனி, சுற்றிலும் சுவர். அங்கே குடியிருந்தால் கட்டாய ராணுவ சேவை கிடையாது, மதுக்கடைகளை இத்தனை மணிக்கு மூட வேண்டும் என்ற சட்டமும் கிடையாது. குண்டு விழுந்து பாதி இடிந்து, வாடகை மலிவாய்க் கிடந்த வீடுகள். வேலைக்குப் போக விருப்பமில்லாத, ஆனால் ஏதோ செய்தே தீர வேண்டும் என்ற இளைஞர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1980 ஏப்ரல் 1 அன்று மூன் என்ற இடத்தில் ஐன்ஸ்டுர்ட்சென்ட நாய்பவுட்டன் முதல் கச்சேரி நடத்தியது. இடிந்து விழும் புதுக் கட்டடங்கள் என்று பொருள். ஏழு வாரம் கழித்து, மே 21 அன்று, நகரத்தின் பெருமையாக 1950-களில் கட்டிய மாநாட்டு மண்டபத்தின் கூரை சரிந்தது. பெயர் வைத்தவர்கள் வாயில் சனி என்று பாட்டி இருந்தால் சொல்லியிருப்பாள்.

குழுவில் டிரம்ஸ் அடித்த என்.யு. உன்ரூ சாப்பாட்டுக்குக் காசில்லாமல் தன் டிரம்ஸை விற்றுவிட்டு, குப்பையிலும் கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் கிடந்த இரும்பைப் பொறுக்கி வந்து தட்டத் தொடங்கினார் என்பது ரசிகர்களுக்குள் உலவும் கதை. கொள்கை பிறகுதான் வந்தது, முதலில் வந்தது கைச்சுருக்கம். அதே ஆண்டில் உன்ரூவும் குழுவின் பாடகர் ப்ளிக்ஸா பார்கெல்டும் ஒரு மோட்டார் சாலைப் பாலத்தின் வயிற்றுக்குள், தலைக்கு மேலே கார்கள் ஓட, இரும்பைத் தட்டி ஒரு கேசட்டே பதிவு செய்தார்கள்.

1981-இல் வந்த 'கொலாப்ஸ்' ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். தகரம் தகரமாகவும், சுருள்கம்பி சுருள்கம்பியாகவும் தனித்தனியாகக் கேட்கும். காயலான் கடையில் பழைய சாமான் பிரிக்கும் பையனுக்குத் தெரியும், பித்தளை தரையில் விழுந்தால் எப்படி ஒலிக்கும், வார்ப்பிரும்பு விழுந்தால் எப்படி என்று. நாய்பவுட்டனின் காது அந்தக் காது. பிற்காலத்தில் இவர்கள் ரொம்ப மெதுவான, கிட்டத்தட்ட தாலாட்டு போன்ற பாட்டுகளும் செய்தார்கள். அவற்றிலும் பின்னால் எங்கோ ஒரு பிளாஸ்டிக் குழாய் ஒலித்துக்கொண்டிருக்கும். 1981 செப்டம்பர் 4 அன்று சுவரை ஒட்டியிருந்த டெம்போட்ரோம் கூடாரத்தில் இந்தக் கூட்டம் முழுக்க ஒரே மேடையில் ஏறியது. நிகழ்ச்சியின் பெயர் 'மேதைமை மிக்க கத்துக்குட்டிகள்'. ஜெர்மனில் கத்துக்குட்டி என்ற சொல்லையே எழுத்துப்பிழையோடு அச்சடித்தார்கள். அதைத் திருத்தாமல் விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

சோஷலிச யூகோஸ்லாவியாவில் சூழல் வேறு. ரெக்கார்டு கம்பெனி எல்லாம் பொதுத் துறை, கடன் வாங்கித் தனி லேபிள் போடும் வழி எளிதாக இல்லை. ஆனால் இன்றைய ஸ்லோவேனியாவின் தலைநகரான லூப்லியானாவில் 1969 முதல் மாணவர்களே நடத்தும் ஒரு வானொலி நிலையம் இருந்தது. அதன் தயவில் பங்க் காற்றில் பரவியது. பங்க்ர்ட்டி, அதாவது தகப்பன் பெயர் தெரியாத பிள்ளைகள், 1977 அக்டோபரில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் முதல் கச்சேரி செய்தார்கள். 1980-இல் வந்த அவர்களுடைய ஆல்பம் 'டோல்க்ட்சைட்'. 'நீண்ட' என்ற ஸ்லோவேனியச் சொல்லோடு 'நேரம்' என்ற ஜெர்மன் சொல்லை ஒட்டிய தெருப்பேச்சு அது. பொழுது போகவில்லை என்று அர்த்தம். பொழுது போகாமல் இருப்பதற்கு அகராதியில் முறையான சொல் இருந்தும் தெருச்சொல்லை எடுத்தார்கள்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டிர்போவ்ல்யே என்ற நிலக்கரி ஊர். அனல் மின் நிலையத்தின் 360 மீட்டர் புகைபோக்கி, ஐரோப்பாவிலேயே உயரமானது, ஊரின் தலைக்கு மேல் நிற்கும். அங்கே 1980-இல் லைபாக் குழு தொடங்கியது. லைபாக் என்பது லூப்லியானாவின் ஜெர்மன் பெயர். நாஜிப் படை ஊரைப் பிடித்திருந்த நாட்களை நினைவுபடுத்தும் பெயர் என்பதால் பெரியவர்களுக்குக் கொதித்தது. சீருடை, கொம்பு வாத்தியம், கட்டளைக் குரல், தொழிற்சாலைச் சத்தம் என்று மேடையேறினார்கள். 1983 ஜூனில் தொலைக்காட்சிப் பேட்டியில் சிரிக்காமல், கேட்ட கேள்விகளுக்கு அறிக்கை வாசிப்பது போலப் பதில் சொன்னார்கள். அதற்கு அப்புறம் அந்தப் பெயரில் லூப்லியானாவில் நிகழ்ச்சி நடத்தத் தடை. 1987 வரை நீடித்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 1980-களின் இரைச்சல் இசையில் நாஜிச் சின்னமும் கொலைகாரர்களின் படமும் மலிந்து கிடக்கும். லைபாக்கிடம் அதற்குப் பின்னால் ஒரு யோசனை இருப்பது தெரிகிறது. அரசு தன்னைப் பற்றிப் பேசும் மொழியை அரசைவிட அழுத்தமாகப் பேசிக் காட்டினார்கள். லண்டனின் ஒயிட்ஹவுஸ் போன்ற குழுக்களிடம் எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆத்திரமூட்டுவதே வேலை என்றான பிறகு, மூன்றாவது ஆல்பத்தில் கொட்டாவி வருகிறது. என் ரசிக நண்பர்கள் இதற்காக என்னோடு சண்டை பிடிப்பார்கள், பிடிக்கட்டும்.

மட்ரிட்டில் 1980-இல் தொடங்கிய எஸ்ப்ளெண்டோர் ஜியோமெட்ரிகோ வேறு வழியில் போனது. தாள இயந்திரத்தை அழுக்காக்கி, ஒரே அடியை ஏழெட்டு நிமிடம் ஓட்டுவார்கள். குழுவின் பெயரை அவர்கள் எடுத்தது இயந்திரத்தையும் வேகத்தையும் கொண்டாடிய இத்தாலிய ஃபியூச்சரிஸ்டு கலைக் கூட்டத்தின் மரினெட்டி 1914-இல் எழுதிய அறிக்கையிலிருந்து. அதே கூட்டத்தைச் சேர்ந்த ஓவியர் லூயிஜி ருசோலோ 1913-லேயே, டிராமும் மோட்டாரும் ஆலைகளும் நிறைந்த நகரத்துக்கு வயலின் போதாது, சத்தங்களை இசையாக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். உறுமல், சீறல், வெடிப்பு என்று தனித்தனியாக ஓசை எழுப்பும் மரப்பெட்டிகளைச் செய்து, அடுத்த ஆண்டு மிலானில் கச்சேரியும் நடத்தினார். அரங்கில் அடிதடி. அந்தப் பெட்டிகள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சவில்லை. ஆக, இரைச்சல் இசைக்கு பங்க்தான் தாய் என்று சொன்னால் தப்பு. தாத்தா ஏற்கெனவே இருந்தார், சொத்து கைக்கு வராமல் கிடந்தது.

1984 ஜனவரி 3 அன்று, ஏழு ஆண்டுக்கு முன் த்ராபிங் கிரிசில் வசவு வாங்கிய அதே ஐசிஏ கூடத்தில், நாய்பவுட்டன் ஆட்களும் இன்னும் சிலரும் 'குரலுக்கும் இயந்திரங்களுக்குமான கச்சேரி' ஒன்றை நடத்தினார்கள். கான்கிரீட் உடைக்கும் மெஷின், கலவை மெஷின், மரம் அறுக்கும் மெஷின். கொஞ்ச நேரத்தில் மேடைப் பலகையையே துளைக்க ஆரம்பித்துவிட்டார்கள். சுமார் 20 நிமிடத்தில் நிர்வாகம் நிறுத்தச் சொல்ல, கூட்டத்தோடு தள்ளுமுள்ளு. கீழே ரகசியச் சுரங்கம் இருந்தது, அதைத் தொடத்தான் துளைத்தார்கள் என்று கதைகள் கிளம்பின.

2007-இல் ஜோ மிட்செல் என்ற கலைஞர் அதே கூடத்தில் அந்த இரவை மறுபடி நடத்திக் காட்டினார். இந்த முறை நிர்வாகத்தின் சம்மதத்தோடு, ஒத்திகை பார்த்து. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் மேடை துளைபடுவதைப் பார்த்தார்கள். தள்ளுமுள்ளுவும் நிகழ்ச்சியில் இருந்தது.